27 டாலர் 20 சென்ட்: கடனா, நன்கொடையா?

2019 ஏப்ரல் 11. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களிடம் ஒரு கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் மற்றக் கட்டணங்களோடு சேர்த்து 27 டாலர் 20 சென்ட் கட்டச் சம்மதமா? 1838-இல் அந்தக் கல்லூரியின் கடனைத் தீர்க்க 272 அடிமைகள் விற்கப்பட்டார்கள். அவர்களுடைய வாரிசுகளுக்குப் பயன்படும் காரியங்களுக்கு இந்தப் பணம் போகும். 272 என்ற எண்ணைத்தான் 27.20 ஆக்கியிருந்தார்கள். 3,845 பேர் வாக்களித்தார்கள். 2,541 பேர் சம்மதம் என்றார்கள், 1,304 பேர் மறுத்தார்கள்.

அடிமைமுறைக்கான இழப்பீடு என்ற விஷயத்தை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கிற ஆசிரியருக்கு இதைவிட நல்ல நிகழ்வு கிடைப்பது கடினம். எளிதான வழி பட்டிமன்றம் வைப்பது. 'தர வேண்டும்' என்று ஒரு அணி, 'வேண்டாம்' என்று ஒரு அணி, நடுவராக ஆசிரியர். நமக்கும் பழகிய வடிவம்தான். கைதட்டல் விழும், வகுப்பு கலகலப்பாக இருக்கும். மணி அடித்து வெளியே வந்தபிறகு, விற்கப்பட்டவர்களில் ஒருவருடைய பெயராவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுனில் வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் காகிதங்கள் வெளியே வந்தன, பிறகு பெயர்கள், பிறகு உயிரோடிருக்கும் மனிதர்கள். 'தரலாமா' என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த வரிசையால்தான் இது பாடமாகிறது என்று நினைக்கிறேன். அதோடு கடைசியில் ஒரே ஒரு சொல் மாறியதால் எல்லாம் எப்படி மாறிப்போனது என்பதையும் இதில் பார்க்கலாம்.

கிரயப் பத்திரம்

கல்லூரி 1789-இல் தொடங்கியது. நடத்தியவர்கள் சேசு சபையினர்; வீரமாமுனிவர் வழியாகவும் லயோலா கல்லூரி வழியாகவும் நமக்குத் தெரிந்த அதே சபை. மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சபையின் பழைய விதி. 1830-கள் வரை அது அமலில் இருந்தது. இலவசக் கல்வி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேரிலாண்டில் சபைக்குச் சொந்தமான பண்ணைகளின் வருமானம் செலவைத் தாங்கும் என்பது ஏற்பாடு. பண்ணையில் உழைத்தவர்கள் கூலி இல்லாத கறுப்பின அடிமைகள்.

1830-களில் பண்ணைகள் நொடித்தன. தாமஸ் முல்லடி என்ற பாதிரியார் கல்லூரித் தலைவராக இருந்தபோது எழுப்பிய கட்டடங்களால் கடனும் ஏறிவிட்டது. பிறகு அவரே சபையின் மேரிலாண்ட் மாகாணத் தலைவரானார். 1838 ஜூன் 19-ஆம் தேதியிட்ட பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். வாங்கியவர்கள் லூசியானாவைச் சேர்ந்த ஜெஸ்ஸி பேட்டி, ஹென்றி ஜான்சன். ஜான்சன் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். கள்ளச்சந்தை வியாபாரம் எதுவும் இல்லை. ஊரில் பெரிய மனிதர்கள் சட்டப்படி செய்த கிரயம்.

பத்திரம் பெயர்களோடு தொடங்குகிறது. ஐசக், வயது 65. அவருடைய மூத்த மகன் சார்லஸ், 40. மகள் நெல்லி, 38. இரண்டாவது மகன் பாட்ரிக், அவர் மனைவி லெட்டி, அவர்களுடைய பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கொர்னீலியஸ், வயது 13. இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவோமே, அந்த இடத்தில் இங்கே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை.

மொத்த விலை 1,15,000 டாலர். முன்பணம் 25,000, மீதி 90,000 டாலருக்கு 6 சதவீத வட்டியோடு பத்து ஆண்டுத் தவணை. முன்பணத்தில் 17,000 கல்லூரிக் கடனுக்குப் போனது, 8,000 பால்டிமோர் பேராயரோடு இருந்த பழைய வழக்கைத் தீர்க்கப் போனது. ரோமிலிருந்த சபையின் உலகத் தலைவர் யான் ரோத்தான் நிபந்தனைகளோடுதான் அனுமதி கொடுத்திருந்தார்: குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, புதிய இடத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்கு வழி இருக்க வேண்டும், விற்ற பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. மூன்றும் காற்றில் போயின.

நவம்பர் 13-ஆம் தேதி கேதரின் ஜாக்சன் என்ற கப்பல் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்திலிருந்து ஒரு பகுதியினரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, டிசம்பர் 6-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தது. சிலர் கப்பலேறாமல் தப்பினார்கள். பட்டியலில் இல்லாதவர்களையும் சேர்த்துப் பின்னாளில் ஆய்வாளர்கள் எண்ணியபோது 314 பேர் என்று வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1848-இல், வான் டி வெல்டே என்ற சேசு சபைப் பாதிரியார் லூசியானாவில் அவர்களைப் போய்ப் பார்த்தார். கோயிலும் இல்லாமல் பாதிரியாரும் இல்லாமல் இருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று மேரிலாண்டுக்கு எழுதினார்.

முல்லடிக்கு என்ன ஆனது? ரோமுக்கு அழைக்கப்பட்டார், பதவி போனது, கொஞ்ச காலம் இன்றைய பிரான்சில் உள்ள நீஸ் நகரில் இருந்தார். திரும்பி வந்து 1843-இல் இன்னொரு கல்லூரிக்கு முதல் தலைவரானார். 1845-இல் மறுபடியும் ஜார்ஜ்டவுனுக்கே தலைவரானார். ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். விற்ற பணம் ஒழுங்காக வரவில்லை. ஜான்சனால் தவணை கட்ட முடியாமல் கெடு நீண்டு நீண்டு, 1862 வரை வசூல் நடந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கி ஓராண்டு ஆன பிறகும் இந்தக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள்.

வட்டிக் கணக்கு

வகுப்பில் இந்த இடத்தில் கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லலாம். வரலாற்று வகுப்பில் கணக்கா என்று முணுமுணுப்பு வரும், வரட்டும்.

1,15,000 டாலரை 272-ஆல் வகுத்தால் ஆளுக்கு 423 டாலர் வருகிறது. விலைவாசி உயர்வை மட்டும் பார்த்தால் அந்த மொத்தத் தொகை 2016 வாக்கில் 33 லட்சம் டாலர் அளவில் நின்றது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சரி, 6 சதவீதம் என்று பத்திரத்திலேயே வட்டி எழுதியிருக்கிறதே, அதைப் போட்டுப் பார்த்தால்? 1838-இலிருந்து வாக்கெடுப்பு நடந்த 2019 வரை 181 ஆண்டுகள். தனி வட்டி என்றால் அசலும் வட்டியும் சேர்ந்து 13 லட்சத்து 64 ஆயிரம் டாலர். அதே 6 சதவீதம் கூட்டு வட்டி என்றால் ஏறத்தாழ 437 கோடி டாலர். கூட்டு வட்டியை 3 சதவீதமாகக் குறைத்தால் 2 கோடியே 42 லட்சம்.

ஒரே அசல், ஒரே காலம். 13 லட்சத்திலிருந்து 437 கோடி வரை விடை போகிறது. மாணவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். 'எவ்வளவு தருவது' என்ற கேள்விக்குக் கணித விடை ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அப்போதுதான் போகும். எந்த வட்டி என்பதை யாரோ ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பது கணக்கு வாத்தியார் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

யாராவது ஒரு மாணவி கையைத் தூக்கி இன்னொன்றும் கேட்பாள். கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்க வேண்டும். இந்த 1,15,000 என்பது விற்றவருக்குக் கிடைத்த விலை. விற்கப்பட்டவர் இழந்தது அதுவா? ஐசக் 65 வயது வரை உழைத்த கூலி இதில் எங்கே இருக்கிறது? கொர்னீலியஸ் 13 வயதுக்குப் பிறகு லூசியானாவில் உழைத்தது எங்கே? பிரிந்த குடும்பங்களுக்கு எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது?

செத்துவிட்டார்கள் என்று சொன்ன பதில்

விற்பனை நடந்தது என்பது ரகசியமாக இருந்ததில்லை. வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தார்கள். அறிந்தும் அறியாதது போல் இருந்தார்கள் என்பதுதான் சரி. 2014-க்குப் பிறகு மாணவர் பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. 2015-இல் முல்லடி விடுதியைப் புதுப்பித்து மறுபடி திறந்தபோது விஷயம் பற்றிக்கொண்டது. பல்கலைக்கழகத் தலைவர் ஜான் டிஜோயா அந்தச் செப்டம்பரில் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். நவம்பரில் மாணவர்கள் அவருடைய அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். சில நாளில் விடுதியிலிருந்து முல்லடியின் பெயர் இறங்கியது.

அப்போது ரிச்சர்ட் செலினி என்ற முன்னாள் மாணவர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். விற்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? லூசியானாச் சதுப்பு நிலத்தில் காய்ச்சல் கண்டு சீக்கிரமே எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்ற பொருளில் அவருக்குப் பதில் வந்தது. அவர் நம்பவில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லையா? வம்சாவளி ஆய்வாளர்களை அமர்த்தித் தேட ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் 8,000-க்கும் மேற்பட்ட வாரிசுகள் தெரியவந்தார்கள், இறந்தவர்களும் உயிரோடிருப்பவர்களுமாக.

ஆசிரியராக எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 'எல்லாரும் செத்துவிட்டார்கள்' என்று சொன்னவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கடன் கொடுத்தவருக்கு வாரிசே இல்லை என்றால் கடன்காரனுக்கு எவ்வளவு நிம்மதி!

2016-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கொர்னீலியஸின் தடத்தைப் பின்தொடர்ந்தது. லூசியானாவில் மாரிங்வின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 'நீலி ஹாக்கின்ஸ்' என்று பொறித்த கல் இருக்கிறது, இறந்த ஆண்டு 1902. பத்திரத்தில் பார்த்த அந்த 13 வயதுப் பையன்தான். அடிமையாக விற்கப்பட்டு, விடுதலை கண்டு, பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்து முடித்தவர். அந்த ஊரில் இன்றும் இருப்பவர்களில் பெரும்பாலோர் விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

பல்கலைக்கழகம் பத்திரங்களையும் கப்பல் பட்டியலையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் இணையத்தில் ஓர் ஆவணக்காப்பகமாக வைத்திருக்கிறது. வரலாற்றாசிரியர் ஆடம் ராத்மன் முன்னின்று உருவாக்கியது அது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் வகுப்பும் அதைத் திறந்து படிக்கலாம்.

பரிகாரம் ஒன்று, கடன் ஒன்று

2016 செப்டம்பரில் டிஜோயா ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் கிடைக்கும் முன்னுரிமை இனி இந்த வாரிசுகளுக்கும் உண்டு என்பது அதில் ஒன்று. படிக்கத் தனி உதவித்தொகை எதுவும் அதோடு சேரவில்லை என்று வாரிசுகள் சிலர் குறைசொன்னார்கள், நியாயமான குறை. 2017 ஏப்ரல் 18-இல் வழிபாடும் மன்னிப்பும் நடந்தன. சேசு சபையின் சார்பில் திமோத்தி கெசிக்கி, வாரிசுகளின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். முல்லடியின் பெயர் இருந்த விடுதி ஐசக் ஹாக்கின்ஸ் விடுதி ஆனது. இன்னொரு கட்டடத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஜார்ஜ்டவுனில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்திய ஆன் மேரி பெக்ராஃப்டின் பெயர் வந்தது.

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு: பரிகாரம். செய்தவன் தன் மனம் ஆறச் செய்துகொள்வது. அதில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்பது இரண்டாம் பட்சம். இழப்பீடு வேறு, நிவாரணம் வேறு, நன்கொடை வேறு. வெள்ளம் வந்தால் அரசு கொடுப்பது நிவாரணம். மழைக்குப் பொறுப்பாளி யாருமில்லை. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் கொடுப்பது இழப்பீடு. எடுத்தவர் யார் என்று தெரியும், தொகை குறைந்தால் நீதிமன்றம் போகலாம். தமிழ் மாணவர்களுக்கு இந்த நான்கு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த ஆண்டே மெலிசாண்ட் ஷார்ட்-கொலம்ப் என்ற சமையற்கலைஞர் மாணவியாகச் சேர்ந்தார். வயது 63. விற்கப்பட்டவர்களின் வாரிசு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு விடுதியில் தங்கி, அதே வகுப்புகளில் உட்கார்ந்தார். 'வாரிசு' என்ற சொல்லுக்கு வளாகத்தில் ஒரு முகம் கிடைத்தது. வாக்கெடுப்பைக் கொண்டுவந்த மாணவர் குழுவில் அவரும் ஒருவர்.

வாக்கெடுப்புக்கு எதிராகவும் வலுவாகவே பேசினார்கள். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் கல்விக் கட்டணம் கட்டுகிறோம், 150 கோடி டாலருக்கு மேல் முதலீட்டு நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் இருக்க, கடனை ஏன் மாணவர் தலையில் கட்டுகிறீர்கள்? கடன் வாங்கிப் படிப்பவரும் கறுப்பின மாணவரும் இதே தொகையைக் கட்ட வேண்டுமா? பணத்தை எதற்குச் செலவிடுவீர்கள் என்று தெளிவாக எழுதவில்லையே? இந்தக் கேள்விகளை இனவெறி என்று தள்ளிவிடும் ஆசிரியர் பாடத்தைக் கெடுத்துவிடுவார். முதல் கேள்வியே கடன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது பாருங்கள். யார் கட்டுவது என்பதில்தான் தகராறு.

ஆதரவாளர்கள் சொன்னது: இந்தக் கல்லூரி மூடப்படாமல் தப்பியது அந்த விற்பனையால். இன்று இங்கே படித்துப் பட்டம் வாங்கிப் பலனை அனுபவிப்பவர்கள் நாம். நிர்வாகம் கட்டட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும்.

66 சதவீதம் ஆதரவு. ஆனால் மாணவர் வாக்கு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. இயக்குநர் குழு ஒப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து, 2019 அக்டோபர் கடைசியில், டிஜோயாவின் கடிதம் வந்தது. கட்டணம் கிடையாது. கட்டணம் வைத்திருந்தால் வந்திருக்கும் அதே தொகையை, ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் அளவில், விருப்ப நன்கொடையாகத் திரட்டிக் கொடுப்போம்.

கேட்டது கிடைத்ததா? தொகை அப்படியே கிடைத்தது. 'கட்டணம்' என்பது 'நன்கொடை' ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். வாக்கெடுப்புக்கு உழைத்த மாணவர்கள் இதற்குத்தான் கொதித்தார்கள். கட்டணம் என்றால் கட்டியே ஆக வேண்டும், கட்டுபவர் கடன்பட்டவர். நன்கொடை என்றால் கொடுப்பவர் வள்ளல், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும், பிடிக்காத ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம். கட்டணப் பணத்தை மாணவரும் வாரிசுகளும் சரிபாதியாக அமர்ந்த குழு ஒன்று நிர்வகிக்க வேண்டும் என்று வாக்கெடுப்புத் தீர்மானம் சொல்லியிருந்தது. புதிய ஏற்பாட்டில் பிடி பல்கலைக்கழகத்தின் கையில். நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: எதிர்த்து வாக்களித்த 1,304 பேரிடமும், இன்னும் சேராத வருங்கால மாணவரிடமும் கட்டாய வசூல் செய்வது சரியா என்பது லேசான கேள்வி இல்லை. ஆனாலும் நான் மாணவர்கள் பக்கம்தான். ஒப்பந்தத்தில் 6 சதவீத வட்டி எழுதி, 24 ஆண்டு துரத்தி வசூலித்த நிறுவனம், தன் முறை வந்தபோது 'விருப்பம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் சேசு சபை, வாரிசுகளோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தது. நெடுநாள் இலக்கு 100 கோடி. அதில் ஏறத்தாழப் பாதி இன நல்லிணக்க வேலைகளுக்கும், கால்பங்கு வாரிசுகளின் படிப்புக்கும், ஒரு சிறு பகுதி முதியோர், நோயாளிகளின் அவசரத் தேவைக்கும் என்று திட்டம். பணம் மெதுவாக வருகிறது என்று வாரிசுகளின் தலைவரே அடுத்த ஆண்டு வெளிப்படையாகக் குறைப்பட்டார். 2023 செப்டம்பரில் சபை 1 கோடியே 70 லட்சமும் பல்கலைக்கழகம் 1 கோடியும் அறிவித்தன. மாணவர் வாக்கெடுப்பிலிருந்து பிறந்த அந்த 4 லட்சம் டாலர் நிதி 2022-இல் தொடங்கி, 2023-இல் முதல் நல்கைகளை வழங்கியது.

வகுப்பில் வரும் கேள்விகள்

"நான் அடிமை வைத்திருக்கவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?" இது கட்டாயம் வரும். நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ அந்த வகுப்பில் நம் வீட்டுப் பிள்ளையும் இருப்பாள். எங்கள் அப்பா மென்பொருள் வேலைக்கு வந்து இருபது ஆண்டுதான் ஆகிறது என்பாள். அவளுக்கு ஜார்ஜ்டவுன் நல்ல பதில் வைத்திருக்கிறது. இங்கே கடன்காரர் ஓர் இனமோ தனிமனிதரோ இல்லை. கையெழுத்திட்ட சபை இன்றும் இருக்கிறது, பலன் பெற்ற கல்லூரி அதே முகவரியில் இருக்கிறது. முல்லடி இறந்துவிட்டார், நிறுவனம் இறக்கவில்லை. 2021-க்குப் பிறகு டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்கள், முன்னோர் செய்ததற்கு இனத்தின் பெயரால் ஒருவர் பொறுப்பாவார் என்று வகுப்பில் போதிக்கத் தடை போட்டிருக்கின்றன. அந்தத் தடையோடு மோதாமலே இந்தப் பத்திரத்தை வாசிக்கலாம் என்பது என் எண்ணம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம்: அவள் அப்பாவுக்குக் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்த சட்டம்.

"இவ்வளவு நாள் கழித்து இழப்பீடா? நடைமுறையில் முடியுமா?" இதற்குப் பேசாமல் இன்னொரு காகிதத்தைக் கொடுக்கலாம். 1862 ஏப்ரல் 16-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் வாஷிங்டன் பகுதியில், அதாவது ஜார்ஜ்டவுனிலும், அடிமைமுறையை ஒழித்தது. அதில் இழப்பீடு உண்டு, ஒரு அடிமைக்கு 300 டாலர் வரை. பெறுபவர் உரிமையாளர். விடுதலையானவருக்கு, நாட்டை விட்டே போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை. பிரிட்டனும் 1833 சட்டத்தின்படி 2 கோடி பவுண்டை உரிமையாளர்களுக்குக் கொடுத்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சம் அடைந்தது 2015-இல்தான். மொரீஷியஸ் தோட்ட முதலாளிகளும் அந்தப் பணத்தை வாங்கியவர்கள். விடுதலையானவர்களின் இடத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

இனப் பிரிவினை பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தைப் பக்கத்தில் வைக்கலாம். 1951-இல் அங்கே 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் கறுப்பின மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்தார்கள்; அதிலிருந்து எழுந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று சொன்ன 1954-இன் பிரௌன் தீர்ப்பில் ஒரு பகுதியானது. வெள்ளையரோடு சேர்ந்து படிக்க விடுவதைவிட மேல் என்று 1959-இல் மாவட்டம் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடியது. 1964 வரை மூடியே இருந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே முளைத்தது. 2004-இல் மாநிலச் சட்டமன்றம் அன்று படிப்பை இழந்தவர்களுக்குக் கல்வி உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அவர்கள் உயிரோடிருந்தார்கள், அறுபது வயதை நெருங்கியிருந்தார்கள். பறித்தது பள்ளிப்படிப்பு, திருப்பிக் கொடுத்ததும் படிப்பு. ஐந்தாம் வகுப்பில் நின்றுபோனவருக்கு அறுபது வயதில் கல்லூரிக் கட்டணம் ஈடாகுமா என்று மாணவர்களே கேட்பார்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஏல நாடகம் போடாதீர்கள். பிள்ளைகளை மேடையில் நிறுத்தி விலை கேட்கும் விளையாட்டு அமெரிக்கப் பள்ளிகளில் நடந்து, பெரிய வேதனையாக முடிந்திருக்கிறது. பத்திரத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். பெயர், வயது, உறவு. பெயர், வயது, உறவு. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் வகுப்பு அடங்கிவிடும்.

கடைசி வகுப்பில் ஆளுக்கு ஒரு வெற்று ரசீது கொடுப்பேன். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ரசீதுப் புத்தகம் போதும். யாரிடமிருந்து, யாருக்கு, தொகை, எதற்காக என்று நான்கு இடங்களை நிரப்ப வேண்டும். முதல் இரண்டைச் சண்டை போட்டாவது நிரப்பிவிடுவார்கள். தொகையில் ஒருவர் 27.20 என்பார், ஒருவர் 437 கோடி என்பார், யாராவது அதைக் காலியாக விட்டுவிடுவார். 'எதற்காக' என்ற கோட்டில் நன்கொடை என்று எழுதுவதா, பாக்கி என்று எழுதுவதா, கூலி என்று எழுதுவதா என்று பேனா நிற்கும். அதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.